குடி கெடுத்த குடி. குடி காத்த கூட்டம்

கெடிலம் ஆற்றின் கரையிலே திருவதிகை. பண்ருட்டி நகரை ஒட்டிக் கிடக்கும் பழம்பதி. பலாவும் முந்திரியும் விளையும் செம்மண் பூமி. இங்குள்ள வீரட்டானக் கோயிலைக் காண வருவோர் சிற்பங்களைக் கண்டு வியக்கின்றனர். நாவுக்கரசருக்குச் சூலை நோய் தீர்ந்த இடம் இது என்று கேட்டுக் கைகூப்புகின்றனர். நாம் இன்று பேச விரும்புவது கோயிலைப் பற்றியன்று, அற்புதத்தைப் பற்றியுமன்று. அந்தக் கதையின் ஓரத்தில் அமைதியாக நிற்கும் ஒரு பெண்ணைப் பற்றி. திலகவதியார் என்பது அவர் பெயர்.

சேக்கிழார் பெரியபுராணத்தில் கூறும் கதையின் போக்கு இது. திருவாமூரிலே புகழனாருக்கும் மாதினியாருக்கும் பிறந்த மக்கள் இருவர். தமக்கை திலகவதி, தம்பி மருள்நீக்கி. பெற்றோர் மறைந்தனர். தமக்கைக்கு மணம் பேசியிருந்த கலிப்பகையார் போர்க்களத்தில் மாண்டார். உயிர்விடத் துணிந்தார் தமக்கை, "நீயும் போய்விட்டால் எனக்கு யார்?" என்று தம்பி கதறவே, அவனுக்காக உயிர் தாங்கினார். வளர்ந்த தம்பி வேறு வழி போனான். தமக்கை திருவதிகைக்கு வந்து தம் கடமையைச் செய்துகொண்டிருந்தார். பின்னொரு நாள் தம்பி வயிற்றுநோயால் துடித்து, ஆள் அனுப்பி, "வந்து என்னைக் காப்பாற்று" என்றான். தமக்கை என்ன செய்தார்? ஓடினாரா? இல்லை. "நான் அங்கு வரமாட்டேன்" என்று சொல்லியனுப்பினார். தம்பி தானே எழுந்தான். இரவோடு இரவாக நடந்தான். தமக்கையின் வாயிலில் வந்து விழுந்தான். வாயில் திறந்திருந்தது.

சமயப் போரை இங்கு நாம் கிளறவில்லை. சமணம் நோய் என்றோ, சைவம் மருந்து என்றோ கூறுவது நம் கருத்தன்று. கள்ளை அறவே விலக்கச் சொன்ன சமயங்களில் சமணம் முதன்மையானது என்பதை மறப்பதற்கில்லை. நாம் பார்ப்பது அந்த வாயிலை மட்டுமே. துரத்திக்கொண்டும் போகவில்லை, கதவை அடைத்துக்கொள்ளவும் இல்லை. தம் வாழ்வைத் தாமே வாழ்ந்துகொண்டு, வருபவனுக்கு இடம் வைத்துக் காத்திருந்தார் ஒரு பெண். குடியினால் சிதைந்த வீடுகளிலே பெண்கள் பல்லாண்டு பட்டுத் தெளிந்து, கூட்டம் கூட்டிப் பேசிக் கண்டறிந்த பாடமும் ஏறக்குறைய இதுதான். அந்தக் கூட்டங்களின் வரலாறே இக்கட்டுரையின் பொருள்.

*

திருவதிகையைத் தொடக்கமாகக் கொண்டதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அது கசப்பான காரணம்.

2001ஆம் ஆண்டின் இறுதியில் இதே பண்ருட்டி வட்டாரத்தில் நச்சுச் சாராயம் 50க்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. 2023 மே மாதத்தில் மரக்காணம் பகுதியிலும் செங்கற்பட்டுப் பகுதியிலும் இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். 2024 சூன் மாதத்தில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்திலே சாவு வீடு வீடாக நுழைந்தது; 60க்கும் மேற்பட்டோர் மடிந்தனர். பண்ருட்டி, மரக்காணம், கள்ளக்குறிச்சி — மூன்றும் பழைய தென்னார்க்காடு மாவட்டத்தின் மண்! ஒரே மாவட்டத்தின் மூன்று மூலைகளிலே மூன்று முறை ஒரே நஞ்சு!

அந்த நஞ்சின் பெயர் மெத்தனால். தொழிற்சாலைகளுக்கு உரிய பொருள். நிறத்திலோ மணத்திலோ சாராயத்தினின்று எளிதில் பிரித்தறிய இயலாதது. உடலுக்குள் சென்றதும் அது பார்மிக் அமிலமாக மாறுகிறது, கண் நரம்பை எரிக்கிறது, குருதியை அமிலமாக்குகிறது, மூச்சை நிறுத்துகிறது. பிழைத்தவருள் சிலருக்குப் பார்வை திரும்புவதில்லை.

சாவு நேர்ந்ததும் என்ன நடக்கிறது? அமைச்சர் வருகிறார், அதிகாரி மாற்றப்படுகிறார், காய்ச்சியவன் சிறைப்படுகிறான், இழப்பீடு வழங்கப்படுகிறது, ஆணையம் அமைகிறது. இவையெல்லாம் வேண்டியவையே. ஆனால் கேட்கிறோம்: செத்தவரை எண்ணினோமே, சாகாமல் நாள்தோறும் செத்துக்கொண்டிருப்பவரை எண்ணினோமா? நஞ்சு கலவாத, அரசாங்க முத்திரை ஒட்டிய புட்டியினாலேயே ஆண்டுக்கணக்கில் அழிந்துகொண்டிருக்கும் குடும்பத்தின் கணக்கு எந்த ஏட்டில் இருக்கிறது?

*

தமிழ்நாட்டிலே குடியை ஒழிக்கச் சட்டம் இயற்றிய வரலாறு நீண்டது. கடையைத் திறந்த வரலாறும் அதே அளவு நீண்டது.

1921இல் ஈரோட்டிலே கள்ளுக்கடை மறியல் மூண்டது. பெரியார் தம் தோப்பிலிருந்த 500க்கும் மேற்பட்ட தென்னைகளை வெட்டிச் சாய்த்தார், கள் இறக்கக் கூடாதென்று. மனைவி நாகம்மையாரும் தங்கை கண்ணம்மாவும் தெருவில் இறங்கி மறியல் செய்தனர். குடியை எதிர்த்துப் பெண்கள் தெருவுக்கு வந்த நாள் அது. 1937 அக்டோபர் முதல் நாள் சேலம் மாவட்டத்தில் இராசகோபாலாச்சாரியார் அரசு மதுவிலக்கைத் தொடங்கியது. போன வருவாயை ஈடுகட்ட 1939இல் விற்பனை வரி வந்தது. போர்க்காலத்தில், 1943இல், மதுவிலக்கு நிறுத்தப்பட்டது. 1948 அக்டோபர் 2இல், ஓமந்தூர் இராமசாமி முதல்வராக இருந்தபோது, சென்னை மாகாணம் முழுவதும் மதுவிலக்கு நடைமுறைக்கு வந்தது. 1971இல் அது தள்ளிவைக்கப்பட்டது. 1973இல் கள்ளுக்கடைகளும் 1974இல் சாராயக் கடைகளும் மீண்டும் மூடப்பட்டன. 1981இல் மீண்டும் திறப்பு. 1983இல் தமிழ்நாடு மாநில வாணிபக் கழகம் — ஊரார் வாயில் 'டாஸ்மாக்' — பிறந்தது. 2003 முதல் சில்லறை விற்பனையும் அதன் கைக்கே வந்தது.

மூடினர், திறந்தனர், திறந்தனர், மூடினர். விற்பனை வரி மட்டும் ஒரு நாளும் மூடப்படவில்லை! கட்சிகளைக் குறைகூறுவதற்காக இதை எழுதவில்லை. சட்டம் வேண்டாம் என்பதற்காகவும் எழுதவில்லை. கடை அருகிலிருந்தால் குடி பெருகும், தொலைவிலிருந்தால் குறையும் என்பது அறிந்த செய்தி. ஆனால் சட்டம் கடையைப் பார்க்கிறது, ஆளைப் பார்ப்பதில்லை. கதவு மூடப்பட்ட மறுநாள் காலையிலே கை நடுங்க, உடல் வியர்க்க, உறக்கமின்றி விழித்துக் கிடப்பவனை அது அறியாது. அவன் அருகே அஞ்சி அமர்ந்திருக்கும் மனைவியையும் அறியாது. அவர்களுக்கு வேறொன்று தேவைப்பட்டது. அது என்ன?

*

வள்ளுவரைக் கேட்போம். கள்ளுண்ணாமை அதிகாரத்தின் பத்துக் குறள்களிலே கடைசி இரண்டை ஒன்றாக வைத்துப் பார்க்க வேண்டும். ஒன்று, குடித்திருப்பவனுக்குக் காரணம் காட்டித் திருத்த முயல்வது, நீரின் அடியில் மூழ்கிப்போனவனை விளக்கேந்தித் தேடுவது போன்றது என்கிறது. அடுத்தது, குடியாத நேரத்திலே குடித்த இன்னொருவனைக் காணும்போது, தன் நிலையும் இதுதானே என்று அவன் எண்ணிப் பார்க்கமாட்டானா என்று கேட்கிறது.

முதற் குறள் உபதேசத்தின் தோல்வியைச் சொல்லிவிட்டது. அடுத்த குறள் வழியைக் காட்டிவிட்டது. குடிகாரனுக்குப் போதகன் பயன்படமாட்டான்; இன்னொரு குடிகாரனே கண்ணாடி! இந்தக் கண்ணாடியைக் கையிலெடுத்து, அதைக் கூட்டமாக அமைத்துக் காட்டியவர்கள் கடல் கடந்த நாட்டிலே தோன்றினர்.

1840ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம். அமெரிக்காவின் பால்டிமோர் நகரம். ஒரு மதுக்கடையில் அமர்ந்திருந்த ஆறு குடிகாரர்கள், இனிக் குடிப்பதில்லை என்று தமக்குள் உறுதி எழுதிக் கையொப்பமிட்டனர். 'வாசிங்டன் கழகம்' என்று பெயரும் வைத்துக்கொண்டனர். வாரந்தோறும் கூடினர். ஒவ்வொருவரும் எழுந்து தம் கதையைத் தாமே கூறினர். புதியவர் வந்தனர். ஊர் ஊராகப் பரவி, இலட்சக்கணக்கானோர் உறுதிமொழி எடுத்தனர். அவர்களுடைய பெண்கள் 'மார்த்தா வாசிங்டன் கழகம்' என்று தனியே அமைத்துக்கொண்டு, வறுமையில் வாடிய குடும்பங்களுக்குத் துணி தைத்துக் கொடுத்தனர், சோறிட்டனர். 1842 பிப்ரவரி 22ஆம் நாள் இளைஞர் ஆபிரகாம் லிங்கன் அக்கழகத்தின் மேடையில் பேசினார். பழிக்கும் குரலால் எவனையும் மாற்ற இயலாது, நண்பனாக நெருங்கினால்தான் இயலும் என்பது அவர் பேச்சின் சாரம்.

அத்துணைப் பெரிய இயக்கம் பத்தாண்டு நிற்கவில்லை. ஏன்? மேடைப் பேச்சு வளர்ந்தது. திண்ணைப் பேச்சு தேய்ந்தது. மதுவிலக்குச் சட்டம் வேண்டுமா வேண்டாமா என்ற அரசியல் சண்டை உள்ளே புகுந்தது. பெயர்பெற்ற பேச்சாளர் சறுக்கியபோது இயக்கத்தின் பெயரும் சறுக்கியது. கூட்டம் பெருகியது, குடிகாரனுக்கு அருகில் அமரும் ஆள் குறைந்தான். இந்தத் தோல்வியைப் பாடமாக்கிக்கொண்டவர்கள் தொண்ணூற்றைந்து ஆண்டு கழித்து வந்தனர்.

*

1935ஆம் ஆண்டு மே மாதம். ஓகையோ மாநிலத்து ஏக்ரன் நகரில் ஒரு விடுதி. நியூயார்க்கிலிருந்து வாணிபத்துக்காக வந்து தோற்றுப்போன பங்குத் தரகர் ஒருவர் அங்கே உலவிக்கொண்டிருந்தார். ஒரு பக்கம் மதுக்கூடம். மறு பக்கம் தொலைபேசி. குடியை விட்டு ஐந்து மாதம் ஆகியிருந்தது. கால் மதுக்கூடத்தை நோக்கி இழுத்தது. "இன்னொரு குடிகாரனோடு பேசினால்தான் நான் பிழைப்பேன்" என்று உணர்ந்தார். தொலைபேசியை எடுத்தார். ஊரிலிருந்த ஓர் அறுவை மருத்துவரின் வீட்டுக்கு வழி கிடைத்தது. மருத்துவரும் தீராக் குடிகாரர். கால்மணி நேரம்தான் தருவேன் என்று வந்தவர் பல மணி நேரம் அமர்ந்துவிட்டார். பேச வந்தவர் அறிவுரை கூறவில்லை. தம் கதையைக் கூறினார். அவ்வளவுதான்!

தரகர் பில் வில்சன். மருத்துவர் பாப் சுமித். மருத்துவர் கடைசியாகக் குடித்த 1935 சூன் 10ஆம் நாளையே 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்' என்ற அமைப்பின் பிறந்த நாளாகக் கொள்கின்றனர். 'பெயர் கூறாக் குடிநோயாளர்' என்பது அதன் பொருள்.

இவர்கள் வகுத்துக்கொண்ட முறை ஊன்றிப் பார்க்கத்தக்கது. சந்தா இல்லை. சேர விண்ணப்பம் இல்லை. குடியை விட விரும்பினால் போதும், அவன் உறுப்பினன். வெளியாரிடம் நன்கொடை பெறுவதில்லை. உறுப்பினர் போடும் சில்லறைக் காசிலேயே அறை வாடகையும் தேநீரும். கட்சிச் சண்டையில் தலையிடுவதில்லை. மதுவிலக்குச் சட்டத்தை ஆதரிப்பதும் இல்லை, எதிர்ப்பதும் இல்லை. செய்தித்தாளில் முழுப்பெயரும் படமும் போடுவதில்லை. தலைவர் இல்லை; தொண்டர் மட்டுமே. வாசிங்டன் கழகத்தை விழுங்கிய ஒவ்வொரு பள்ளத்துக்கும் இவர்கள் ஒரு வேலி போட்டிருக்கின்றனர்.

ஆயுளுக்கும் குடிக்கமாட்டேன் என்று சத்தியம் வாங்குவதில்லை. "இன்று குடிக்கமாட்டேன்" — இவ்வளவே. நாளைக்கு நாளை. சத்தியம் செய்து செய்து முறித்தவனுக்குத்தான் தெரியும், இந்தச் சிறிய வாக்கின் பெருமை!

நம் வாசகர் ஒரு வினா எழுப்பக்கூடும். "அவர்களது பன்னிரண்டு படிகளிலே கடவுள் வருகிறாராமே?" வருகிறார்; மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அந்த நூல் எழுதப்பட்டபோதே, 1938 வாக்கில், ஜிம் பர்வெல் என்ற நாத்திக உறுப்பினர் முட்டி மோதியதன் விளைவாக, 'நாங்கள் புரிந்துகொண்டவாறு' என்ற தொடர் கடவுளுக்குப் பக்கத்திலே சேர்க்கப்பட்டது. சிலர் அந்தச் சொல்லுக்குக் கூட்டத்தின் வலிமை என்றே பொருள் கொண்டனர். பூசல் அத்துடன் தீரவில்லை. கனடாவின் டொராண்டோ நகரில் 2011இல் கடவுளை விலக்கிய குழுக்கள் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டன. 2017இல் மீண்டும் சேர்க்கப்பட்டன. சமயத் தொடர்பே இல்லாத 'சுமார்ட் ரெக்கவரி' போன்ற குழுக்களும் 1994 முதல் இயங்குகின்றன. ஆகவே கடவுளை நம்புபவனுக்கும் இடமுண்டு, நம்பாதவனுக்கும் இடமுண்டு. இருவருக்கும் தேவையானது ஒன்றே: பக்கத்தில் அமரும் ஓர் ஆள்.

*

இதுவரை ஆண்களின் கதை. பெண்கள் எங்கே இருந்தனர்? வழக்கம்போல் அடுக்களையில்!

கணவன்மார் உள்ளே கூட்டம் நடத்த, மனைவிமார் சமையலறையிலும் வண்டியிலும் காத்திருந்தனர். பில் வில்சனின் மனைவி லோயிஸ். பதினேழு ஆண்டு அவருடைய குடியைச் சுமந்தவர். கடையில் வேலைசெய்து வீட்டைக் காத்தவர். கணவர் குடியை விட்டார். மகிழ்ச்சி வரவேண்டும் அல்லவா? சினம் வந்தது! ஒரு நாள், "கூட்டத்துக்கு நேரமாகிறது" என்று கணவர் அவசரப்படுத்தியபோது, காலணியைத் தூக்கி எறிந்துவிட்டார். பிறகு அமர்ந்து எண்ணிப் பார்த்தார். தாமும் நோயுற்றிருப்பதை உணர்ந்தார். காத்திருந்த மனைவியர் ஒருவரோடொருவர் பேசத் தொடங்கினர். 1951இல் லோயிசும் ஆன் என்ற தோழியாரும் சிதறிக் கிடந்த குடும்பக் குழுக்களை ஒன்றாக்கினர். 'அல்-அனான்' பிறந்தது. 1957இல் குடிநோயாளரின் பிள்ளைகளுக்கென 'அலட்டீன்' குழு தோன்றியது.

அந்தக் கூட்டங்களிலே பெண்கள் கற்றுக்கொண்டது என்ன? கணவனுடைய குடிக்குத் தாம் காரணமல்லர், தம்மால் அதை அடக்கவும் இயலாது, தீர்க்கவும் இயலாது, ஆனால் தம் வாழ்வையும் பிள்ளைகள் வாழ்வையும் சீராக்கிக்கொள்ள இயலும். எளிய பாடம். ஆனால் தமிழ்ப் பெண் ஒருத்தியின் காதில் இது விழுந்தால் எத்தகைய விடுதலை என்பதை எண்ணிப் பாருங்கள்!

நம் வீடுகளிலே என்ன சொல்கிறார்கள்? "பெண்டாட்டி சரியாக இருந்தால் அவன் ஏன் குடிக்கிறான்?" என்கிறாள் மாமியார். "கால்கட்டுப் போட்டால் திருந்திவிடுவான்" என்கிறது ஊர். கால்கட்டு! ஒருவனது நோய்க்கு இன்னொருத்தியின் வாழ்வை மருந்தாக அரைத்து ஊற்றும் கொடுமைக்கு இப்படியொரு அழகான பெயர்! மணமான பின்னும் குடித்தால், "ஒரு பிள்ளை பிறந்தால் சரியாகும்" என்கிறது அதே ஊர். பிள்ளை பிறக்கிறது. குடி அப்படியே இருக்கிறது. இப்போது அடிவாங்க இருவர்.

மனைவி என்ன செய்கிறாள்? பட்டறைக்கும் பணிமனைக்கும் "காய்ச்சல்" என்று சொல்லியனுப்புகிறாள். கடனைத் தாலிக்கொடி விற்று அடைக்கிறாள். வாந்தியைத் துடைத்து, விடியுமுன் வாசல் தெளிக்கிறாள், ஊருக்குத் தெரியக்கூடாதென்று. அன்பினால் செய்கிறாள், அச்சத்தால் செய்கிறாள். ஆனால் அவள் மறைக்க மறைக்க, அவன் தன் குடியின் விளைவை ஒரு நாளும் நேரில் சந்திப்பதில்லை. நோய் நீள்கிறது.

வழிதேடிக் கோயிலுக்கு இழுத்துப்போகிறார்கள். சத்தியம் செய்யச் சொல்லிக் கயிறு கட்டுகிறார் பூசாரி. கயிறு கட்டிய மாதங்களில் குடிக்காமல் இருந்தவர் உண்டு. நாம் அவர்களை எள்ளவில்லை. ஊரறிய ஒரு வாக்குக் கொடுத்ததும், கையில் அதற்கோர் அடையாளம் இருந்ததும் அந்த மனிதனைத் தாங்கின. ஆனால் கயிறு அவிழ்ந்த அன்று அவனருகே யார்? கயிறு தனியானது, கூட்டம் தொடர்வது. அதுதான் வேறுபாடு.

இன்னொரு கூட்டம் சுவர் விளம்பரத்தை நம்புகிறது. "அவருக்குத் தெரியாமல் சோற்றில் கலந்து கொடுங்கள்" என்கிறான் மருந்து விற்பவன். மருத்துவர் மேற்பார்வையில், நோயாளியின் இசைவோடு மட்டும் கொடுக்கத்தக்க மருந்துகள் உண்டு. அவற்றை உண்டவன் அறியாமல் மதுவையும் குடித்தால் உயிருக்கே கேடு நேரலாம். களவாக ஊட்டும் மருந்து நோயைத் தீர்க்காது; எஞ்சியிருக்கும் நம்பிக்கையைத் தீர்த்துவிடும்.

*

1957ஆம் ஆண்டு மே மாதத்தில் நேருவின் கையால் நெய்வேலிச் சுரங்கப்பணி தொடங்கியது. 1935 வாக்கில் சம்புலிங்க முதலியார் நிலத்துக் கிணற்றில் தென்பட்ட கருந்துகள், நாட்டுக்கு வெளிச்சம் தரும் பழுப்பு நிலக்கரியாயிற்று. அதே 1957இல்தான் பெயர் கூறாக் குடிநோயாளர் குழு இந்திய மண்ணில் வேர்விட்டது. நிலக்கரி நகரம் வளர்ந்த வேகம் நாடறிந்தது. அந்தக் குழு வளர்ந்த விதமோ ஓசையற்றது.

தமிழ்நாட்டிலே இந்தத் துறைக்கு ஒரு பெண்ணின் துயரம் வாயில் திறந்தது. சாந்தி ரங்கநாதன் அம்மையார் இளமையிலேயே கணவரைக் குடிநோய்க்குப் பறிகொடுத்தார். செல்வம் மிக்க, பெயர்பெற்ற தொழிற்குடும்பம். எனினும் அன்று இந்நோய்க்கெனத் தனியொரு மருத்துவமனை சென்னையில் அவருக்குக் கிட்டவில்லை. 1980இல் கணவர் பெயராலேயே டி.டி. ரங்கநாதன் ஆய்வு நிறுவனத்தை அமைத்தார். நோயாளிக்கு மட்டுமன்றிக் குடும்பத்துக்கும் தனிப் பயிற்சி வேண்டும் என்பதை அங்கு முறையாக்கினார். 1992இல் பத்மசிறீ விருது அவரைத் தேடி வந்தது.

சென்னைக்கு வர இயலாத உழவனுக்கு என்ன வழி? மருத்துவமனையே ஊருக்குப் போயிற்று! 1989 முதல் மஞ்சக்குடியிலே — இன்றைய திருவாரூர் மாவட்டத்துச் சிற்றூர் — பதினைந்து நாள் முகாம்கள் நடத்தினர். ஊரார் இடம் கொடுத்தனர். நோயாளரை அழைத்து வந்ததும் ஊராரே. மருத்துவரும் செவிலியரும் ஆற்றுநரும் தங்கினர். மனைவியரும் தாய்மாரும் வந்து தனியே அமர்ந்து பேசினர். முகாம் முடிந்த பின்னும் மாதந்தோறும் வந்து பார்த்தனர். குடியை விட்டவன் அடுத்த முகாமுக்குத் தன் தெருக்காரனை அழைத்து வந்தான். ஏக்ரன் நகரத்து விடுதியில் நடந்தது காவிரிக் கரையிலும் நடந்தது!

இன்னொரு வகைக் கூட்டமும் உண்டு. 1992இல் ஆந்திரத்து நெல்லூர் மாவட்டம் தூபகுண்டா சிற்றூரிலே, அறிவொளி இயக்க வகுப்பில் எழுத்துக் கற்ற பெண்கள், தம் வாழ்வையே பாடமாகப் படித்தனர், எழுந்தனர், சாராயக்கடையை மூட வைத்தனர். பொறி பரவியது. 1993 அக்டோபரில் ஆந்திரத்தில் சாராயமும், 1995 சனவரியில் மது முழுவதும் தடைசெய்யப்பட்டன. 1997இல் அந்தத் தடை தளர்த்தப்பட்டது. தெருவில் கூடிய பெண்கள் கடையை மூடினர். வாரந்தோறும் கூடும் அறை இல்லாததால் ஆண்களின் நோய் திறந்தே கிடந்தது. இரண்டும் வேண்டும் என்பதுதான் நெல்லூர் நமக்குத் தரும் படிப்பினை.

*

இந்தக் கூட்டங்களால் உண்மையிலேயே பயனுண்டா? நம்பிக்கையால் விடை கூற வேண்டியதில்லை, கணக்கே இருக்கிறது. 2020இல் வெளிவந்த காக்ரேன் மதிப்பாய்வு 27 ஆய்வுகளைத் திரட்டியது. அவற்றில் பங்கேற்றோர் 10,565 பேர். பெயர் கூறாக் குழுவோடு இணைக்கும் சிகிச்சை முறை, தொடர்ந்து குடிக்காமல் இருக்கச் செய்வதில் ஏனைய நிலைபெற்ற சிகிச்சைகளைவிடக் குறைந்ததன்று, பலவிடத்து மேலானது என்று கண்டது.

இந்தியாவின் தேவை எவ்வளவு? 2019இல் வெளியான நாடளாவிய கணக்கெடுப்பின்படி, மதுவினால் கேடுற்று உதவி தேவைப்படுவோர் ஏறத்தாழ 5.7 கோடி. குடிக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவரே ஏதேனும் சிகிச்சை பெற்றவர். 37 பேர் வெளியே! ஒவ்வொருவர் பின்னாலும் ஒரு மனைவி, ஒரு தாய், இரு பிள்ளைகள் என்று கூட்டிப் பாருங்கள். பெண் குடிநோயாளரின் நிலை இன்னும் கடிது. வெளியே சொன்னால் பழி, சொல்லாவிட்டால் சாவு.

எல்லையையும் சொல்லிவிட வேண்டும். கூட்டம் மருத்துவத்துக்கு மாற்றன்று. நெடுநாள் குடித்தவன் ஒரே நாளில் நிறுத்தினால் வலிப்பும் சித்தப் பிரமையும் வரலாம், உயிரும் போகலாம். முதல் சில நாள் மருத்துவரின் கண்பார்வையில் கழிய வேண்டும். அதன் பிறகு வரும் ஆயிரம் நாளுக்கே கூட்டம். அதுபோலவே, அடிபடும் பெண்ணிடம் "பொறுத்துக்கொண்டு கூட்டத்துக்கு வா" என்பது அறமன்று. 2005ஆம் ஆண்டுச் சட்டம் அவளுக்குப் பாதுகாப்பு அளிக்கிறது. வீட்டில் இருக்கும் உரிமையும் அளிக்கிறது. நோய் என்பது குடிக்கு விளக்கம். அடிக்கு மன்னிப்பு ஆகாது. கூட்டத்தில் வந்து மீண்டும் சறுக்குவோரும் பலர். சறுக்கியவனை வெளியே தள்ளாமல் மறுபடி நாற்காலி போடுவதுதான் கூட்டத்தின் இலக்கணம்.

*

அப்படியானால் திருவதிகையில் என்ன செய்யலாம்? நெய்வேலியில் என்ன செய்யலாம்?

பெருஞ்செலவு எதுவும் தேவையில்லை. ஓர் அறை போதும். பள்ளிக்கூடமோ, படிப்பகமோ, தொழிற்சங்கக் கட்டடமோ. வாரத்தில் ஒரு நாள், ஒரே நேரம், தவறாமல். நெய்வேலியில் மூன்று முறை வேலை. ஆகவே இரவுமுறைத் தொழிலாளிக்கும் ஏற்ற இன்னொரு நேரமும் வேண்டும். நிரந்தரத் தொழிலாளிக்கும் ஒப்பந்தத் தொழிலாளிக்கும், முந்திரித்தோப்புக் கூலிக்கும் நகரியத்து அலுவலருக்கும், எந்தத் தெருக்காரனுக்கும் ஒரே வட்டத்தில் ஒரே வகை நாற்காலி. சாதி கேட்கப்படாத இடம் தமிழ்நாட்டில் அரிது. பெயரே கேட்கப்படாத இடத்தில் சாதிக்கு ஏது வழி? அதே நேரத்தில் அடுத்த அறையில் பெண்களுக்குத் தனிக் கூட்டம். பிள்ளைகள் பேச ஒரு மூலை. அருகிலுள்ள அரசு மருத்துவமனையில், முதல் வாரத்தைக் கடக்க உதவும் ஒரு மருத்துவர். இவ்வளவே.

ஊர்ப் பெரியவர்களிடம் ஒரு வேண்டுகோள். குடிகாரனைக் கண்டால் வசைபாடுவதையும், அவன் மனைவியைக் கண்டால் அறிவுரை கூறுவதையும் ஓராண்டு நிறுத்திப் பாருங்கள். அந்த அறைக்கு ஒரு விளக்கு வாங்கிக் கொடுங்கள். நீரின் அடியில் தேடுவதற்கன்று. கரையேறி வருபவனுக்கு வாயில் தெரிவதற்கு.

திலகவதியார் தனியே காத்திருந்தார். அவரோடு அமர்ந்து பேச அன்று எவரும் இருந்ததாகக் கதை கூறவில்லை. இன்று அதே கெடிலக் கரையிலே, தம்பிக்காகவும் கணவனுக்காகவும் மகனுக்காகவும் இரவெல்லாம் விழித்திருக்கும் பெண்கள் ஒரு தெருவுக்கு எத்தனையோ பேர். ஒருத்தி விழித்திருப்பது அடுத்த வீட்டுக்காரிக்குத் தெரியாது. அவர்களை ஒரே அறையில் அமரவைப்போம். குடியை அழிப்பதற்கு முன், குடியைப் பற்றிய மௌனத்தை அழிப்போம்.